புது வீட்டு வாசலுக்கு எந்த ரோஜா?

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமா, பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. போனில் பேசினால் உன் சின்னவன் நடுவில் பிடுங்கிக்கொள்கிறான். நிலக்கோட்டைப் புது வீட்டு வாசலில் என்ன ரோஜா வைப்பது என்று இத்தனை விவரமாகக் கேட்டிருக்கிறாய், அதற்குக் கடிதம்தான் சரி.

பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். டவுனுக்குக் குடிவந்த பிறகும் விடியுமுன் எழுந்து, பழைய பால்வெட்டுக் கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுவார். ஓட்டை போட்ட பெயின்ட் வாளிகளில் வரிசையாக ரோஜா. செடிகளைத் திட்டுவது மலாயில், கொஞ்சுவது தமிழில்.

இங்கே கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். போகிறவர்கள் திரும்பும்போது ஒரு ரோஜாத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மலைக்குளிரில் உள்ளங்கை அகலம் பூத்த செடி, கீழே வந்ததும் சின்னச் சின்னதாகப் பூக்கும். மழையில் இலை மணிக்கணக்காக நனைந்தே கிடந்தால் கரும்புள்ளிப் பூஞ்சை பிடித்து, மஞ்சளாகி உதிர்ந்து, குச்சிதான் மிஞ்சும். ஆயா அவற்றைக் குப்பையில் போடுவதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

ஆகவே மாமா ஊட்டியிலிருந்து செடி வாங்கிவருவதாகச் சொன்னதை நிறுத்திவிடு. ஓசூர்ப் பக்கத்து நீளக்காம்பு ரோஜாவும் வேண்டாம், அது பசுமைக்குடிலில் செல்லமாக வளர்ந்தது. நம் ஊர் வெயிலுக்குப் பன்னீர் ரோஜாதான். கிழக்குப் பக்கம், தரையிலேயே இரண்டு வை. தலைக்கும் ஆகும், சாமிக்கும் ஆகும். பெரியவளுக்குச் சிவப்புத்தான் வேண்டும் என்றால் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டா வாங்கு. திண்ணைத் தொட்டிக்குப் பட்டன் ரோஜா போதும்.

நர்சரியில் பூவைப் பார்த்து மயங்காதே, அடியைப் பார். ஒட்டுக் கட்டிய இடம் இறுகியிருக்க வேண்டும், அதற்கு மேலே கெட்டியான கிளைகள் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் உடனே கிள்ளிவிடு. விட்டால் காட்டு ரோஜா தழைத்து நல்லதை அமுக்கிவிடும். ஆறு மணி நேர வெயில் வேண்டும். தண்ணீர் காலையில், வேரில் மட்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வை.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பாடு கடையிலேயே. ரொட்டி சானாய்க்கு, அதாவது இங்கத்துப் பரோட்டாவுக்கு, மாவு வீசி வீசித் தோள் மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. சம்பளத்தை இப்போது இரண்டு தவணையாகத் தருகிறார்கள், அதுவும் ஒரு வகைச் சேமிப்புத்தானே. லீவு நாளில் ஆயாவின் வாளிகளைத் தூக்கி இடம் மாற்றிக் கொடுப்பேன், பொழுது போய்விடும். கூலியாக நெத்திலிச் சம்பால் கிடைக்கும். என்ன இருந்தாலும் அது அம்மா வைக்கும் நெத்திலிக் குழம்பு ஆகாது.

போன வெள்ளிக்கிழமை ஆயா கோயிலுக்குப் போகும் வழியில், கொண்டையில் ஒரு பன்னீர் ரோஜாவோடு கடைக்குள் வந்து தேநீர் கேட்டார். அந்த வாசம் வந்ததும் பின்கட்டில் அம்மா தலை வாரிக்கொண்டிருப்பது போலவே இருந்தது அக்கா. மாவைப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கேட்டவர்களிடம் அடுப்புப் புகை என்றேன்.

அது கிடக்கட்டும். அப்பாவின் கண் ஆபரேஷனை ஆடி போகட்டும் என்று தள்ளிப் போடாதே. சீட்டுப் பணம் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், சீட்டு பிடிக்கும் அக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அம்மா காதுக்குப் போக வேண்டாம். பட்டா மாறுதலுக்குப் பெரியப்பா எந்தத் தாளை நீட்டினாலும் மாமா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. தங்கைக்கு வந்திருக்கும் வத்தலக்குண்டு வரனுக்கு ஜாதகம் பொருந்துவது மட்டும் போதாது. பையனுக்கு வெளியில் கடன் எவ்வளவு என்று மாமாவை விசாரிக்கச் சொல். விசாரித்ததும் எனக்குப் போன் செய், இரவு பதினோரு மணிக்கு மேல் என்றால் கடை அடைத்திருப்பேன்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி