போன் காட்டும் மணிக்கணக்கு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் பழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்' என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று பார்க்காமல் அதை வைத்து வீட்டில் சண்டை போடுவது வீண்.

அந்த எண்ணைக் காட்டுவது ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டும் 2018-இல் வந்தவை. பெரும்பாலும் இவை எண்ணுவது திரை எரியும் நேரத்தை. ஓசூரிலிருந்து தருமபுரிக்கு மேப் போட்டு வண்டி ஓட்டினால் வழி முழுக்கக் கணக்கில் ஏறும். திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுப் பாட்டுக் கேட்டால் ஏறாது. கூடத்தில் ஓடும் சீரியல் இதில் வரவே வராது. தாத்தா போனில் பேரன் பார்த்த கார்ட்டூன் தாத்தா தலையில் விழும்.

நாள் நள்ளிரவு 12 மணிக்கு மாறுவது இன்னொரு சிக்கல். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு ஒரே ராத்திரியில் பார்த்தது இரண்டு நாள் கணக்காக உடைந்துபோகும். அவர் தேதியை விட்டுவிட்டு ஷிஃப்டை வைத்துக் குறிப்பதுதான் சரி. தினசரி ஒன்றரை ஜிபி பேக்கும் பொதுவாக அதே 12 மணிக்குத்தான் புதுசாகிறது. யூடியூப் 480பி தரத்தில் மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி தின்னும். மீதி வீணாகிறதே என்று பதினொரு மணிக்கு வீடியோவைத் திறப்பவர், பன்னிரண்டுக்கு அடுத்த ஒன்றரை ஜிபி வந்துவிட்டால் எங்கே மூடப்போகிறார்?

மணிக்கணக்கைவிட உதவுவது, போனை எத்தனை தடவை திறந்தோம் என்ற எண். ஆண்ட்ராய்டில் அதே பக்கத்தில் 'அன்லாக்' என்று இருக்கும். ஆனால் எதற்காகத் திறந்தோம் என்று போனுக்குத் தெரியாது. அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலை டீ, மதியச் சாப்பாடு, விளக்கு வைக்கும் நேரம், படுக்கும் முன் என்று நான்கு வேளை எழுதினால் போதும். ஒவ்வொரு தடவையும் எழுதப் போனால் மூன்றாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும். எழுத வேண்டியது மூன்றே விஷயம்: எதற்கு எடுத்தேன், எதில் போய் நின்றேன், எடுத்த வேலை முடிந்ததா. மின்கட்டணம் கட்ட எடுத்து ரீல்ஸில் நின்று, கட்டணம் கட்டாமலே கீழே வைத்த வரிகள்தான் அந்த நோட்டின் சாரம். டிவியையும் ரேடியோவையும் பேப்பரையும் அதிலேயே எழுதுங்கள். டிவி ஓடும்போதே போனும் கையில் இருந்தால் இரண்டையும் ஒரே வரியில் போட வேண்டும். தனித்தனியாகக் கூட்டினால் நாளுக்கு 24 மணி நேரம் போதாது. தருமபுரி வானொலியைக் கேட்டபடி களை எடுப்பதை இதோடு சேர்க்காதீர்கள், அங்கே கையும் கண்ணும் வேலையில்தான் இருக்கின்றன. இன்னொன்று, எழுதுகிறோம் என்ற நினைப்பே முதலில் நம்மைத் திருத்திவிடும். அதனால் ஒன்பது நாள் எழுதி முதல் இரண்டு நாளைத் தள்ளிவிட வேண்டும்.

நோட்டைப் பார்த்த பிறகுதான் செட்டிங்ஸில் கை வைக்க வேண்டும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விவசாயிக்கு வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறச் சொல்வது அறிவுரையே அல்ல, மண்டி விலை அதில்தான் வருகிறது. விலை ஒரு தடவை வரும். அதைச் சுற்றி 'காலை வணக்கம்' நாற்பது வரும். குரூப்பை 'எப்போதும்' என்று மியூட் செய்து, பட்டியலில் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கும் 'ஆர்க்கைவில்' போட்டுவிட்டு, ஏலம் முடிகிற நேரத்துக்குத் தானே போய்ப் பார்த்தால் சத்தமும் இல்லை, விலையும் தவறாது. மீடியா தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டால் போன் நிரம்பாது.

ஆப் டைமர் என்று ஒன்று உண்டு. அரை மணி நேரம் வைத்தால் அது முடிந்ததும் யூடியூப் ஐகான் சாம்பல் நிறமாகும். ஆனால் வைத்தவரே அதே இடத்தில் அதை எடுத்தும் விடலாம். பூட்டும் சாவியும் ஒரே கையில். குரோம் வழியே திறந்தால் யூடியூப் டைமருக்குத் தெரியவும் தெரியாது. இரவில் திரையைக் கருப்பு வெள்ளையாக்கும் 'பெட்டைம் மோடு' இதைவிடத் தேவலை. வண்ணம் போனால் ரீல்ஸ் ருசி பாதி போய்விடுகிறது.

கடைசியாகப் பத்திரிகைகளுக்கே ஒரு கோரிக்கை. செய்தி ஆப்கள் எல்லாவற்றையும் 'பிரேக்கிங்' என்று ஒரே மணியில் அடிக்கின்றன. நோட்டிஃபிகேஷனை வகைவகையாகப் பிரிக்கும் வசதி 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதலே இருக்கிறது. ஒகேனக்கல் நீர்வரத்தும், பரிசல் ஓட்டத் தடையும் இங்கே உள்ளவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். நடிகர் வீட்டுக் கல்யாணம் காலையில் தெரிந்தால் போதும். மாவட்டச் செய்தி, மழை, சினிமா என்று பிரித்துக் கொடுத்தால் வாசகர் வேண்டாததை மட்டும் அணைத்துக்கொள்வார். பிரிக்காவிட்டால் எல்லாவற்றையும் மொத்தமாக அணைப்பார், வெள்ள எச்சரிக்கை உட்பட.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்