பாட எங்களுக்கும் இடம் விடுங்கள்: பங்கின் பாடகர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் பங்கின் (நம் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த சமூகத்தின்) பாடகர் குழுவில் இருக்கும் தம்பி தங்கையருக்கும், ஞாயிறுதோறும் மைக் செட்டைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனுக்கும், இதைப் படிக்க நேர்ந்தால் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கோவிலில் மக்கள் பாடுவது நின்றுவிட்டது. நீங்கள் பாடுகிறீர்கள், நாங்கள் கேட்கிறோம். நன்றாகவே பாடுகிறீர்கள், அதில் சந்தேகமில்லை. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்து நிற்கிறவர்கள் உங்களில் உண்டு என்பதும் தெரியும். ஆனால் திருப்பலி முடிந்ததும் வாசலில் நின்று, "இன்றைக்குப் பாட்டு பிரமாதம்" என்று சிலர் உங்களைத் தட்டிக்கொடுக்கிறார்களே, அந்தப் பாராட்டுதான் எனக்கு உறுத்துகிறது. கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் பேசும் பேச்சு அது.

பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காரும் பாட்டிகளை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். வருகைப் பாடல் தொடங்கியதும் அவர்கள் உதடு அசையும். பல்லவி தெரிந்த பல்லவிதான். அனுபல்லவியில் மெட்டு மேலே ஏறும்போது குரல் எட்டாமல் பாதியில் நிற்பார்கள். சரணத்துக்கு முன் கீபோர்டில் நீளமாக ஒரு வாசிப்பு வரும். அது எங்கே முடிகிறது, எங்கே எடுத்துப் பாட வேண்டும் என்று பிடிபடாது. தவறான இடத்தில் ஒருமுறை குரல் கொடுத்தவர் மறுமுறை கொடுக்கமாட்டார். இரண்டாம் சரணம் வருவதற்குள் சுருக்குப்பையிலிருந்து செபமாலை வெளியே வந்துவிடும்.

அந்தச் செபமாலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய கதைதான் நினைவுக்கு வருகிறது. திருப்பலி லத்தீனில் நடந்த காலத்தில், பீடத்தில் குருவானவர் தம் பாட்டுக்குப் பூசை வைப்பார், பாடகர்கள் லத்தீனில் பாடுவார்கள், மக்கள் புரியாமல் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இதை மாற்றத்தான் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்கள் வெறும் பார்வையாளர்களாக இராமல், முழுமையாகவும் உணர்ந்தும் பங்கெடுக்க வேண்டும் என்பதே அந்த ஏட்டின் உயிர். பாடகர் குழுக்களை ஊக்குவிக்கச் சொல்லும் அதே 114-ஆம் பத்தி, மக்கள் தங்களுக்குரிய பங்கைப் பாட வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது, செபமாலை மட்டும் திரும்பவும் வந்துவிட்டது.

முதலில் சுருதி. பாட்டை எடுத்துக்கொடுக்கும் தங்கையின் குரலுக்கு ஐந்தரைக் கட்டை சுகமாக இருக்கலாம். அலுவலகத்திலும் கடையிலும் வாரம் முழுக்கக் கத்திவிட்டு வரும் நாற்பது வயது ஆணால் அங்கே எட்டிப்பார்க்கக்கூட முடியாது. சுருதியை இறக்குவதற்கென்றே கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு கட்டை இறக்கினால் உங்கள் குரலின் பளபளப்பு கொஞ்சம் குறையும், கோவில் முழுக்கக் குரல் எழும்பும்.

அடுத்தது சத்தம். நம் புதுச்சேரி மிஷன் வீதியில் இப்போது நாம் காணும் சம்பா கோவில் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. ரயில் நிலையம் அருகே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா 1907-இல் அர்ச்சிக்கப்பட்டது. இரண்டுமே ஒலிபெருக்கி வருவதற்கு முன் கட்டிய கோவில்கள். வளைந்து உயர்ந்த அந்தக் கூரையின் கீழ் வெறுங்குரலில் ஒருவர் பாட்டெடுத்தாலே போதும், கட்டடமே அதைத் தாங்கிக்கொள்ளும். நாமோ அவற்றைவிடச் சிறிய நம் கோவிலில் தூணுக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறோம். பக்கத்தில் நிற்பவரின் குரல் எனக்குக் கேட்பதில்லை, என் குரலே எனக்குக் கேட்பதில்லை. தன் குரல் தனக்கே கேட்காதவன் எதற்காக வாயைத் திறப்பான்?

வாரத்துக்கொரு புதுப்பாட்டு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு யூடியூபில் கேட்டு, சனிக்கிழமை பயின்று, ஞாயிற்றுக்கிழமை பாடிவிடுகிறீர்கள். எங்களுக்கு அது மனப்பாடம் ஆவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. திரையில் வரிகள் ஓடுகின்றனவே என்பீர்கள். வரி ஓடுகிறது, மெட்டு ஓடவில்லையே! அதிலும் நற்கருணை வாங்க வரிசையில் நடக்கிறவர் திரையைப் பார்ப்பாரா, கையில் புத்தகத்தைப் பிடிப்பாரா? திருவிருந்துப் பாடலுக்குக் குட்டிப் பல்லவி இருந்தால் நடந்துகொண்டே பாடலாம். முன்னோர் அதை அறிந்துதான் மெட்டமைத்தார்கள்.

முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் இன்னும் மோசம். அந்த நாளுக்குரிய திருப்பாடலை (விவிலியத்தின் சங்கீதத்தை) விட்டுவிட்டு ஏதோ ஒரு 'தியானப் பாடல்' பாடுகிறோம். திருப்பாடலுக்குப் பதிலாக வேறு பாட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 61-ஆம் எண்ணில் தெளிவாகவே சொல்கிறது. ஒருவர் சரணத்தைப் பாட, ஒற்றை வரிப் பல்லவியை எல்லாரும் திருப்பிச் சொல்லும் அமைப்பு அது. மக்களுக்கென்றே ஒதுக்கிய இடத்தையும் நாம் பறித்துக்கொண்டோம்.

இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்பீர்கள். வாரநாளில் நடக்கும் அடக்கத் திருப்பலி ஒன்றுக்கு வந்து பாருங்கள். நீங்கள் கல்லூரியிலும் வேலையிலும் இருப்பீர்கள். கீபோர்டு உறைக்குள் தூங்கும். உபதேசியார் ஒருவர் கரகரத்த குரலில் பாட்டெடுப்பார். அந்தப் பாட்டு வந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் மொத்தக் கோவிலும் சேர்ந்து அந்தக் குடும்பத்தைத் தாங்கும். தெரியாவிட்டால் அவர் ஒருவர் குரல் மட்டும் சவப்பெட்டிக்கு மேலே தனியாக அலையும். அண்மைக் காலமாக அலைந்துகொண்டுதான் இருக்கிறது. முந்தின நாள் இரவு இறந்த வீட்டில் அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள்) கூடிச் செபமாலை சொல்லும்போதும் இதே கதை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பாடுகிறார்கள், இளையவர்கள் கைப்பேசியில் வரிகளைத் தேடுகிறார்கள். துக்க வீட்டில் மைக் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். மனப்பாடமாக இருப்பதுதான் அங்கே உதவும், அந்த மனப்பாடம் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஏற வேண்டும்.

"மக்கள் பாடுவதில்லை, அதனால்தான் நாங்கள் பாடுகிறோம்" என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். பெரிய வெள்ளியை அவருக்கு நினைவூட்டினேன். அன்று நம் கோவிலில் கீபோர்டு கிடையாது, ஆலய மணியும் கிடையாது. சிலுவையை முத்தமிட வரிசை நகரும் அந்த நீண்ட நேரம் முழுக்கப் இயேசுவின் பாடுகளைப் பற்றிய பழைய பாட்டுகளை மக்கள்தான் இழுத்துப் பாடுகிறார்கள். தாளம் கொஞ்சம் தளரும், சுருதி சறுக்கும், ஆனாலும் ஒருவரும் வாய் மூடி நிற்பதில்லை. தவக்காலத்தில் சில விழா நாள்கள் நீங்கலாக இசைக்கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு (அதே படிப்பினை, எண் 313). அதையாவது வரும் சாம்பல் புதன் முதல் கடைப்பிடிக்கலாம்.

புதுப்பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்காவுக்கும் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கும்) கிறிஸ்து பிறப்புக்கும் பங்குத் திருவிழாவுக்கும் உங்கள் திறமையெல்லாம் வெளிப்படட்டும், நாங்கள் வாய் பிளந்து கேட்கிறோம். சாதாரண ஞாயிறுகளில் மாதத்துக்கு ஒரு புதுப்பாட்டு போதும். அதையும் திருப்பலிக்கு முன் ஐந்து நிமிடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். 'தூயவர்' பாடலுக்கும் 'உலகின் பாவம் போக்கும்' பாடலுக்கும் ஒரே மெட்டை ஓராண்டு மாற்றாமல் வையுங்கள். மக்கள் பாடத் தொடங்கியதும் மைக்கின் ஒலியைப் பாதியாகக் குறைக்கும்படி அண்ணனை வேண்டிக்கொள்கிறேன்.

கிறிஸ்து பிறப்புக்கு முன் வரும் திருவருகைக் காலத்தோடு புது வழிபாட்டு ஆண்டு தொடங்குகிறது. அதற்கு முந்தின சனிக்கிழமைப் பயிற்சிக்குப் பாடத் தெரியாதவர்கள் நான்கைந்து பேரை அழைத்து முன்னால் உட்கார வையுங்கள். குரல் எட்டாத இடத்தில் அவர்கள் கையைத் தூக்கட்டும். ஆள் கிடைக்கவில்லையென்றால் நான் வருகிறேன்.

இயேசுவில் அன்புடன்,
பின்வரிசையில் நிற்கும் ஒரு பங்கு மகன்,
புதுச்சேரி