பாம்பில் வரும் எந்த எழுத்து?

அன்புள்ள உறவுகளே,

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் கப்பலேறி இலங்கைக்கு வந்த நம் முன்னோர் யாரென்று தேடினோமே, ஆள் கிடைத்துவிட்டார். நேற்றிரவே அம்மாவின் கட்டிலருகில் இருந்து வாசித்துக் காட்டினேன். இந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும், அதை விடுவோம்.

கொழும்பில் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிய மாமா, மெல்பேர்னிலிருந்து ஞானஸ்நானத் துண்டுகளைப் படம்பிடித்து அனுப்பிய மச்சாள், பழைய டச்சுக் கையெழுத்தை வாசித்துத் தந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. கோவிக்காதீர்கள், இந்த மடல் மட்டக்களப்பில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைத் தம்பிக்கு.

2004 சுனாமியோடு, மட்டக்களப்புக் கடற்கரையோர டச்பாரில் இருந்த எங்கள் வீட்டுப் பெட்டகம் போனபின் மிஞ்சியது அப்பாவின் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதைப் பார்த்து யாரோ ஆங்கிலத்தில் எழுதிய பெயர்தான் எங்கள் பாஸ்போட்டில் இருக்கிறது. அதே எழுத்துக்கூட்டலோடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் சம்பளப் பேரேடுகளில் தேடிக்கொண்டிருந்தேன். ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் இருப்பவை. 1700 முதல் 1794 வரை, பல லட்சம் பதிவுகள். ஒன்றும் அகப்படவில்லை.

சான்றிதழைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த தம்பி மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அக்கா, பேரிட தொடக்கத்துல இருக்கிற இந்தப் 'பா' பாம்புல முதல் எழுத்து மாதிரியா, கடைசி எழுத்து மாதிரியா? நமக்கு ரெண்டும் ஒண்டுதானே."

அங்கேயே நின்று அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "மாமி இப்படித்தான் சொல்லுவா" என்று உதட்டை அழுத்திச் சொன்னா. கடைசி எழுத்துத்தான், ஆங்கிலத்தில் P இல்லை, B! அன்றிரவு முதலெழுத்தை மாற்றித் தேடினேன். வந்த பெயரைத் தேவாலயப் பதிவுகளோடு கோத்துப் பார்த்தோம், தலைமுறை தலைமுறையாகப் பொருந்தியது.

சாதாரணச் சிப்பாய். ஊரும் ஒல்லாந்து இல்லை, ஜெர்மனி. (ஒல்லாந்தர் வழி என்று மார்தட்டும் சித்தப்பாமார் மன்னிக்க. கம்பனிக் கப்பல்களில் ஜெர்மன்காரர் ஏராளம்.) கடன் பத்திரம் உண்டா என்ற இடத்தில் 'உண்டு' என்றிருக்கிறது. தங்கின இடத்துக்கும் உடுப்புக்கும் பட்ட கடனைச் சம்பளத்தில் கழிக்கிற ஏற்பாடு அது.

அம்மா கண்ணை மூடியபடியே சிரித்தா. "கடன்பட்டுத்தான் கப்பல் ஏறினவரா? அப்ப நம்மட ஆள்தான்."

தம்பி அன்று கொப்பிக் காசு மட்டும்தான் எடுத்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை, நம் வீடுகளில் சுடுகிற லவ் கேக்கோடு போகிறேன்.