பத்திரிகையில் இல்லாத ஊர்

அன்புள்ள பாப்பா,

நலமா? வேளைக்குச் சாப்பிடு. இங்கே சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்தாயிற்று. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் போனில் பார்த்தோம். உன் பெயருக்குப் பக்கத்தில் எம்.டெக். என்று இருந்ததை அம்மா புடவைத் தலைப்பால் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நம் தெருவிலேயே நீதான் முதல். என் பெயருக்குக் கீழே ‘திருவாரூர்’ என்று மட்டும் போட்டிருக்கிறது, நம் ஊர்ப் பெயர் இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் நீ எதைச் சொன்னாய், எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர்கள் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார்கள். இரவு கண்விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

இரண்டு நாளாகத் தாத்தா நினைவாகவே இருக்கிறது. டிசம்பர் 25 வந்தால் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வெண்மணிக்குப் போவார். அங்கே நினைவுக் கல்லில் இருக்கும், எரித்துக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பார்த்துத்தான் நீ எழுத்துக்கூட்டவே கற்றாய். 44 பெயரும் முடியும்வரை உன்னை இறக்கிவிட மாட்டார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள்; அதற்காக 1968-இல் நிலச்சொந்தக்காரர்களான மிராசுதார்களும் அவர்களின் ஆட்களும் அவர்களை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும். உயர்நீதிமன்றத்தில் மிராசுதார்கள் விடுதலையானதைத் தாத்தாவால் கடைசிவரை செரிக்க முடியவில்லை. பண்ணையில் அடிமை போல வேலை செய்து, சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாகப் பட்ட உடம்பு அது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு யாராவது தன்னைப் பண்ணையாள் என்றால் நின்று திருத்துவார்.

உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1988-இல் கும்பகோணத்தில் வேலை கிடைத்து வாடகை வீடு பிடித்தேன். வீட்டுக்காரர் ஊர் கேட்டார். திருவாரூர் என்றேன். எந்தத் தெரு என்றார். கீழவீதி என்றேன்; நம் தெருவைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தாத்தா உளுந்து மூட்டையோடு வந்து நின்றார். சட்டை இல்லை, இடுப்பில் துண்டு. யார் இது என்று வீட்டுக்காரர் கேட்டதும் “எங்கள் பண்ணையாள்” என்று சொல்லிவிட்டேன், பாப்பா. என் வாயால் சொன்னேன்.

தாத்தா மூட்டையைத் திண்ணையில் இறக்கினார். ஓட்டை வழியாகச் சிந்திய உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினார். என்னைப் பார்த்து, “புறப்படுகிறேன் ஐயா” என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெற்ற மகனை ஐயா என்று கூப்பிட்டு, என் பொய்யைக் காப்பாற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு 16 வருஷம் உயிரோடு இருந்தார். ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் போகும்போதெல்லாம் கேட்க நினைத்திருக்கிறேன்.

பத்திரிகை அடுத்த வாரம்தான் அச்சுக்குப் போகும் என்றாய். நம் ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கீழே தாத்தா பெயரும் இருக்கிறது. வெயிலில் அலையாதே.

இப்படிக்கு,
அப்பா