ஞாயிறு சாயங்காலம் பழைய போட்டோ கூட்டம், படிச்சுட்டு பதில் போடுங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு மொட்டை மாடில நம்ம பழைய போட்டோ கூட்டம், மழை வந்தா கீழ பார்க்கிங்ல.

இந்த தடவை பாக்கப்போறது 1968 டிசம்பர் 24 அன்னைக்கு அப்பல்லோ 8 விண்கலத்துல இருந்து எடுத்த பூமி படம். அதுல போன விண்வெளி வீரர்கள் நிலாவ சுத்தி வந்து போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, நாலாவது சுத்துல திடீர்னு ஜன்னல்ல பூமி எட்டிப்பாக்குது, கேமராவுல இருந்ததோ கருப்பு வெள்ளை ரோல், வீரர்கள்ல ஒருத்தரான வில்லியம் ஆண்டர்ஸ் அதுலயே ஒண்ணு எடுத்துட்டு, கலர் ரோல் சீக்கிரம் குடுன்னு கூட இருந்த ஜிம் லோவெல அவசரப்படுத்தி வாங்கி மாட்டி எடுத்ததுதான் நாம எல்லாரும் பாத்த அந்தப் படம். அந்தப் பரபரப்பு முழுசா டேப்ல பதிவாகியிருக்கு, போட்டுக் காட்டுறேன், கேட்டா உடம்பு சிலிர்க்கும்.

1. வீட்டுக்கு ஒரு பழைய போட்டோ கொண்டு வாங்க. யாரு, எங்க, எந்த வருஷம்னு பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டு வைங்க. எங்க பாட்டி கல்யாண போட்டோல ஓரமா குடையோட நிக்கிறவர் யாருன்னு சொல்ல இப்ப ஆளே இல்ல, ரொம்ப வருத்தமா இருக்கு.
2. பின்னாடி பேனால எழுதாதீங்க, மை ஊறும், அழுத்தம் முன்னாடி தெரியும். பென்சில்ல லேசா எழுதுங்க.
3. ஆல்பத்துல ஒட்டியிருந்தா தயவுசெஞ்சு பிய்க்காதீங்க, ஆல்பத்தோடவே எடுத்துட்டு வாங்க, நான் மொபைல்ல எடுத்துக்கறேன்.
4. குழந்தைங்களையும் கூட்டிட்டு வாங்க.

சேர் சொல்லணும், அதனால வெள்ளி ராத்திரிக்குள்ள பிளாட் நம்பரும் எத்தனை பேர்னும் இங்கயே போட்டுடுங்க.