பொருள்: எண்ணெய்-நீர் பிரிப்புச் சோதனை அமைப்பு இன்னும் ஓடவில்லை - நான்காவது கடிதம்

பெறுநர்: சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் நீங்கள் நிறுவிய 200 லிட்டர் செப்பரேட்டர் பற்றி ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதியாயிற்று. மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற குறுஞ்செய்திதான் பதில்.

முதலில் எல்.டி-2, அதாவது எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடைமுகத்தின் மட்டத்தை அழுத்தத்தை வைத்து அளக்கும் டிரான்ஸ்மிட்டர். டீசலின் அடர்த்தி கன மீட்டருக்கு 830 கிலோ, தண்ணீர் 998. வீயர் (எண்ணெய் வழிந்து அடுத்த அறைக்குள் விழும் தடுப்புச் சுவர்) மொத்த மட்டத்தைப் பிடித்துக்கொள்வதால், இடைமுகம் 300 மி.மீ. முழுக்க ஏறினாலும் டிரான்ஸ்மிட்டருக்குத் தெரிகிற வித்தியாசம் சுமார் 495 பாஸ்கல்தான். நீங்கள் மாட்டியிருப்பது 0-1 பார், அதாவது ஒரு லட்சம் பாஸ்கல் வரை அளக்கும் கருவி. சிக்னல் 0.08 மில்லியாம்பியர் நகர்கிறது, அவ்வளவுதான். துல்லியம் முழு அளவில் 0.075 விழுக்காடு என்று உங்கள் சான்றிதழே சொல்கிறது. அது 75 பாஸ்கல்; இடைமுகக் கணக்கில் 45 மி.மீ. பிழை. இதை வைத்து என்ன பி.ஐ.டி. (வால்வைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டு முறை) ட்யூனிங் செய்வது?

இதைப் போனில் சொன்னதற்கு உங்கள் சர்வீஸ் ஆள் சொன்ன பதில்: "டீசல் ஊத்தினா அப்படித்தான் சார் இருக்கும், வெறும் தண்ணி ஊத்தி ஓட்டிப் பாருங்க." எண்ணெயும் நீரும் பிரிக்கிற தொட்டியில் வெறும் தண்ணீர்! "மேனுவல் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு இணைப்பையும் துண்டித்தார். அந்த மேனுவலில் எல்.டி-2 என்ற பெயரே கிடையாது.

ஃபீட் பம்ப்பும் தவறு. கொட்டேஷனில் இருப்பது திரவத்தை மென்மையாகத் தள்ளும் ஸ்க்ரூ பம்ப். வந்திருப்பது 2,900 ஆர்.பி.எம். சென்ட்ரிஃபியூகல். அது எண்ணெய்த் துளிகளை அடித்து நொறுக்குகிறது. 100 மைக்ரான் துளி 300 மி.மீ. மேலேற ஐந்தரை நிமிடம் போதும். அதே துளி 10 மைக்ரானாக உடைந்தால் 9 மணி நேரம். தொட்டியில் இருப்பது மோர்.

இடைமுகம் ஏறினால் தண்ணீர் வால்வு திறக்க வேண்டும். உங்கள் புரோகிராமில் மூடுகிறது, தண்ணீர் வீயரைத் தாண்டி எண்ணெய் அறைக்குள் விழுகிறது. ஒரு நிமிட வேலை, நாங்களே மாற்றியிருப்போம். அந்தப் புரோகிராம் ஓடும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் கடவுச்சொல்லை நீங்கள் தரவில்லை. இ.பி.டி.எம். ரப்பர் கேஸ்கெட்டுகள் டீசலில் உப்பி எல்லா ஃபிளாஞ்சிலும் (குழாய் இணைப்பிலும்) ஒழுகல். நைட்ரைல் ரப்பர் போட வேண்டும் என்பது கடைப் பையனுக்கும் தெரியும்.

டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிக்கொண்டு 160 கி.மீ. வந்தபோது, வரச் சொன்னவரே (அதே "வெறும் தண்ணி" மனிதர்தான்) வாசலில் நிறுத்தி, கேலிபரேஷன் ஆள் விடுப்பு என்றார். ஒரு பருவத்தின் செய்முறை வகுப்புகள் மொத்தமும் பாழ்.

தயவுசெய்து 15 நாட்களுக்குள் இவற்றைச் செய்து தாருங்கள்: 5 மில்லிபாருக்கு (500 பாஸ்கல்) ஸ்பான், அதாவது அளவு வீச்சு, வைக்கக்கூடிய டி.பி. (அழுத்த வேறுபாடு) டிரான்ஸ்மிட்டர் அல்லது இடைமுகத்தை மின் முறையில் அறியும் கெப்பாசிடன்ஸ் புரோப், ஸ்க்ரூ பம்ப், நைட்ரைல் கேஸ்கெட், கடவுச்சொல். இல்லையேல் நிறுத்தி வைத்திருக்கும் 10 விழுக்காடு தொகையை மறந்துவிடுங்கள்; அடுத்த கடிதம் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகும். வேறு ஒருவரை அனுப்பினால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்

பி.கு.: சோதனையில் வீணான 180 லிட்டர் எண்ணெய்த் தண்ணீர் டிரம்மில் நிற்கிறது. நீர்நிலையில் விட லிட்டருக்கு 10 மில்லிகிராம் எண்ணெய்தான் வரம்பு என்பதால் வடிகாலில் கொட்ட முடியாது. அதை யார் எடுத்துப்போவது என்றும் பதிலில் எழுதுங்கள்.