கார் உரிமையாளர்கள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், சங்கத்தின் மூத்த அங்கத்தினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் இப்பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் பணிவான வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் முடிய கோவை வட்டார மாற்றியமைத்த கார் உரிமையாளர்களாகிய நம் சங்கம் ஆற்றிய பணிகளையும், செய்ய நினைத்து நிறைவேறாமல் போனவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டித் துண்டறிக்கைகள் வழங்கினோம். கோடையில் ரத்ததான முகாம் நடந்தது. அவிநாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு ஒருமுறை சென்று வந்தோம். ஆயுத பூஜை வழக்கம்போலக் கொண்டாடப்பட்டது. செயற்குழு விதிப்படி கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. நம்மில் பலருக்கு இன்ஜின் வேலை கற்றுத் தந்த மூத்த மெக்கானிக் ஒருவர் இவ்வாண்டு காலமானார். அவருக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது.

இனி, என் பொறுப்பில் நடந்த ஒலி, ஒளிச் சோதனை முகாம்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு இத்தனை நேரமும் பணமும் தேவைதானா என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்ததால், விளக்கம் அளிப்பது என் கடமையாகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்து, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று ஆக்கியது. ஆகவே நம்மில் யாருடைய வண்டியையும் எந்த முக்கிலும் நிறுத்திக் கேள்வி கேட்க அதிகாரிகளுக்கு வழி இருக்கிறது. அப்படி நிறுத்தப்பட்ட உறுப்பினர்களிடம் விவரம் கேட்டபோது எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: அலாய் வீலையோ பெயின்ட்டையோ பார்த்து நிறுத்தியது அபூர்வம். காதைப் பிளக்கும் சைலன்சரும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் முகப்பு விளக்கும், இவை இரண்டையும் வைத்துக்கொண்டு ஓட்டும் விதமுமே நம்மைக் காட்டிக்கொடுக்கின்றன.

முகாம்கள் சிங்காநல்லூரில் உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் நடந்தன. புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்தில், குழாயின் உயரத்திலேயே ஒலிமானியை வைத்து, இன்ஜினைக் குறித்த சுழற்சிக்கு ஏற்றிவிட்டு அளந்தோம். பயணிகள் காருக்கு 2005 முதல் உள்ள 74 டெசிபல் வரம்பு, வண்டி ஓடிக் கடக்கையில் தயாரிப்பு நிலையில் எடுக்கப்படும் அளவு. நிறுத்தி வைத்து அளந்ததை அதனோடு நேராக ஒப்பிடக் கூடாது. அதனால் அதே மாடலில் கம்பெனி சைலன்சரோடு இருக்கும் வண்டி ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலகையில் எழுதிக் காட்டினோம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாதது, பலகையில் எண்ணைப் பார்த்ததும் பலருக்கு ஏறியது. பழைய டைப் 2 ஹோண்டா சிட்டி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், கழற்றிப் போட்டிருந்த நடு மஃப்ளரை, அதாவது ஒலியைத் தணிக்கும் பெட்டியை, வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்து அன்று மாலையே மீண்டும் பொருத்திக்கொண்டார். இழுவை குறைந்ததாக அவர் சொல்லவில்லை; பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று மட்டும் பிறகு சொன்னார்.

ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தவுடன் பட்பட்டென்று வெடிக்கும்படி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை ரீமேப் செய்துகொள்ளும், அதாவது அதன் நிரலை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். எரியாத பெட்ரோலைப் புகைக்குழாய்க்குள் அனுப்பி அங்கே வெடிக்க வைப்பதுதான் அது. வண்டியின் திறன் அதனால் கூடுவதில்லை, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் வீணாகிறது. அவிநாசி சாலையில் மருத்துவமனைகள் எத்தனை இருக்கின்றன என்று நம் ஊரார்க்கு நான் சொல்லத் தேவையில்லை. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அங்கே இரவு வரம்பு 40 டெசிபல். அந்த இடத்தில் இரவு பதினொரு மணிக்கு இப்படி வெடித்துக்கொண்டு போகிறவர் நம் உறுப்பினராக இருந்தால், அவருக்காக எந்த அதிகாரியிடமும் பேச நான் போக மாட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விளக்குச் சோதனை இன்னும் எளிது. பட்டறைச் சுவரில் முகப்பு விளக்கின் உயரத்துக்கு ஒரு கோடும், அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடும் சுண்ணாம்புக்கட்டியால் இழுத்து, வண்டியை 10 மீட்டர் பின்னால் நிறுத்தி லோ பீம் போடச் சொன்னோம். ஒளியின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் படிய வேண்டும். ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த ரிஃப்ளெக்டருக்குள் எச்ஐடி அல்லது மலிவான எல்இடி பல்பைச் செருகிய வண்டிகளில் விளிம்பே இல்லை. சுவர் முழுக்க வெள்ளையாகச் சிதறியது. நடுவில் தடுப்பில்லாத நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலையில் அந்த ஒளிக்கு எதிரே பைக்கில் வருபவரின் நிலைமையை, வண்டி உரிமையாளரையே அந்தச் சுவரோரம் நிற்க வைத்து உணர்த்தினோம். பெரும்பாலோர் மறு வாரமே பழைய பல்புக்கு மாறினார்கள். இம்முகாம்களால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

ஓட்டும் பழக்கத்துக்கு வருகிறேன். சஸ்பென்ஷனின் சுருள்வில்லை வெட்டித் தாழ்த்திய வண்டிக்காரர்கள் அடி தட்டிவிடக் கூடாதென்று வேகத்தடையில் குறுக்காக ஏறுவது வழக்கமாகிவிட்டது. வண்டி இடமா வலமா திரும்பப் போகிறது என்று தெரியாமல் பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரர் தடுமாறுகிறார். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகல டயர், மழைநாளில் சேற்று நீரையும் மற்ற நாளில் ஜல்லியையும் அடுத்தவர் மேல் வீசுகிறது. குதிரைத்திறனைக் கூட்டிக்கொண்டு பிரேக்கை அப்படியே விட்டு வைப்பது இவை எல்லாவற்றிலும் மோசம். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனாலே வண்டி 28 மீட்டர் போய்விடும். எந்த ரீமேப்பும் இந்தக் கணக்கை மாற்றாது.

வால்பாறைப் பயணத்தில் கலந்துகொண்டவர்கள் நன்றாக நடந்துகொண்டார்கள் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். ஆழியாற்றிலிருந்து தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட்டார். வரையாடுகள் தடுப்புச்சுவரில் நின்றபோது ஹாரன் அடிக்காமல் காத்திருந்தோம். புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் கடக்கும் இடத்தில் எல்லோரும் ஊர்ந்தே சென்றோம். இப்படி ஓட்ட நம் உறுப்பினர்களுக்குத் தெரியும் என்பதனால்தான் அடுத்து எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளம். சிக்னல் இல்லாத அந்தப் பாலம் நம் ஊருக்குக் கிடைத்த பெரிய வசதி. அது திறந்த சில வாரங்களுக்குள் நள்ளிரவில் அதன்மேல் இரண்டு மூன்று கார்கள் ஒன்றையொன்று துரத்தும் காணொளிகள் என் கைபேசிக்கு வந்தன. அவற்றில் ஒன்றில் நம் சங்க ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிந்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் அப்பாலத்தைக் கடக்கப் பத்து நிமிடம். 120-இல் ஐந்து நிமிடம். மிச்சமாகும் ஐந்து நிமிடத்துக்காக யாரும் துரத்தவில்லை, வேகத்துக்காகவே துரத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசையைக் குறை சொல்ல நான் இந்தச் சங்கத்தில் இல்லை. அதைத் தீர்த்துக்கொள்ள இந்தியாவில் மிகச் சில ஊர்களுக்கே வாய்த்த இடம் நமக்கு வாசலிலேயே இருக்கிறது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மாருதி 800-இன் இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் பந்தயத்தை எட்டும் தூரத்தில் கொண்டுவந்தவர் நம் ஊர் எஸ். கரிவரதன். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இயங்கி வருகிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. அவர்களுக்கும் முந்தைய தலைமுறை, தாங்களே பட்டறையில் மாற்றிய கார்களைச் சென்னையை அடுத்த சோழவரம் பழைய விமான ஓடுதளத்துக்குக் கொண்டு போய் அங்கே ஓட்டியது. வண்டியை மாற்றுவது இந்த ஊரின் கௌரவமான கலை. அதற்குரிய இடத்தில் ஓட்டுவதும் அந்தக் கலையோடு சேர்ந்தே வந்தது.

இந்த நம்பிக்கையில்தான் செட்டிப்பாளையத்தில் ஒருநாள் ஓட்டத்துக்கு ஏற்பாடு செய்தேன். வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்தவர்கள் ஏராளம். ஆம்புலன்ஸ், தீயணைப்புக் கருவி, ஹெல்மெட், பயிற்றுநர் என்று எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டப்பட்டது. குறித்த நாளில் வந்தவர்கள் பெயர் கொடுத்தவர்களில் பாதிகூட இல்லை. வந்தவர்கள் மாலை வரை ஆசை தீர ஓட்டி, பிரேக் சூடானால் என்ன ஆகும் என்பதையும், வளைவில் பின்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கை என்ன செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டு போனார்கள். வராதவர்களில் ஒருவர்கூட முன்கூட்டித் தகவல் சொல்லவில்லை. அவர்கள் பங்குப் பணத்தைச் சங்க நிதியிலிருந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. செயலாளர் சங்கப் பணத்தைச் செலவழித்துவிட்டார் என்ற பேச்சு பிறகு எழுந்தது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பொதுச் சாலையில் பந்தயம் விடுவது அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்கீழ் குற்றம். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பனார்கள் 199ஏ பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. வண்டியில் செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால் விபத்துக்குப் பின் இழப்பீட்டிலும் சிக்கல் வரும். காவலரிடம் மாட்டிக்கொள்ளும்போது மட்டும் சங்க ஸ்டிக்கரைக் காட்டி, நான் இன்ன சங்கத்துக்காரன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் சிலர் இரண்டாண்டுச் சந்தாவே கட்டவில்லை என்பதை உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஸ்டிக்கர் சங்கத்தின் சொத்து. சந்தா கட்டாதவர்களும், பாலத்துக் காணொளியில் இடம்பெற்றவரும் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், சந்தா வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செட்டிப்பாளைய ஓட்டமும் ஒலிமானியும் போக மற்ற செலவுகள் சென்ற ஆண்டை ஒட்டியே இருந்தன, கடன் ஏதுமில்லை, கையிருப்பு அடுத்த சில மாதங்களுக்குப் போதுமானது.

பட்டறையை வாடகையின்றித் தந்த உறுப்பினருக்கும், முகாம்தோறும் தேநீரும் வடையும் அனுப்பி வைத்த அவர் வீட்டாருக்கும், துண்டறிக்கை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், பொறுமையோடு வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும், கணக்கைச் சுத்தமாக வைத்திருந்த பொருளாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். ஒலிமானியைத் தரப்படுத்தி வாங்கி வர வேண்டும். விளக்குச் சோதனையைச் சங்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். செட்டிப்பாளையத்தில் இன்னொரு நாள் கேட்டுப் பெற வேண்டும். இம்முறை முழுப்பணம் கட்டியவர் பெயர் மட்டுமே பட்டியலில் ஏறும். இவ்வளவையும் ஒருவரே தூக்கிச் சுமக்க முடியாது. பொறுப்பை ஏற்க இளைஞர் யாரேனும் முன்வந்தால் பதிவேடுகளை மனநிறைவோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால், மேற்சொன்ன மூன்றுக்கும் பொதுக்குழு நிதி ஒதுக்கித் தரும் பட்சத்தில், மேலும் ஓராண்டு பணியாற்ற எனக்குத் தடையில்லை. பாக்கிச் சந்தா வைத்திருப்போரின் பட்டியல் பொருளாளரின் மேசைமீது இருக்கிறது. கூட்டம் முடிந்து உணவுக்குச் செல்லுமுன் தங்கள் பெயர் அதில் உள்ளதா என்று பார்த்து, செலுத்த வேண்டியதைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்